பேசத் தொடங்காத நிலையம்

மின்தடை நீங்கி விளக்குகள் எரியும்போது தெருச் சிறுவர்கள் எழுப்பும் ஆரவாரம் பிறர்க்கு மகிழ்ச்சி தருவது. பெரம்பலூரில் என் வீட்டு வாயிலில் அக்கூச்சல் எழும்போதெல்லாம் நான் நாற்காலியின் கைகளை இறுகப் பற்றிக்கொள்கிறேன். வரதராஜன்பேட்டையில் ஒரு பிற்பகலில் அதே கூச்சலைக் கேட்டேன்.

என் மனைவியின் தங்கையை மணந்தவர், எனக்குச் சகலை, அவ்வூரில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். வீட்டிலிருந்தபடியே தொலைநாட்டு மனிதரோடு உரையாடும் அமெச்சூர் வானொலி நிலையம் ஒன்றை அமைப்பது அவரது நெடுநாள் வேட்கை. தேர்வெழுதி அரசின் உரிமமும், வானில் தம்மைக் குறிக்கும் அழைப்புக்குறியும் பெற்றார். மாடியறையில் கருவி வந்து அமர்ந்தது. எஞ்சியது ஆன்டெனா ஒன்றே. அதற்குரிய நெடிய அலுமினியக் குழாயை மொட்டைமாடியில் நிறுத்தவேண்டும். மாடியை ஒட்டியோ உயரழுத்த மின்கம்பி செல்கிறது. ஆதலால், பராமரிப்புக்காக மாலை ஐந்து மணிவரை மின்சாரம் இராது என அறிவிக்கப்பட்ட நாளைத் தேர்ந்தார். கம்பியருகே சுவருக்கு வெள்ளையடிப்பதும் தென்னை மட்டை கழிப்பதும் எங்கள் பக்கத்தில் அத்தகைய நாளில்தான். எல்லாரும் செய்வதையே அவரும் செய்தார்.

நான் கீழே முற்றத்தில் நின்று, குழாயில் கட்டிய நைலான் கயிற்றைப் பிடித்திருந்தேன். ஆன்டெனாவை அலைவாங்கி என்று சொல்லலாகாதா என வழக்கம்போல் கேட்டேன்.

"பேர அப்புறம் வைக்கலாம் சகலை, புள்ள மொதல்ல பொறக்கட்டும். கயித்த இறுக்கிப் புடிங்க!"

"காபி ஆறுதுங்க, குடிச்சிட்டுப் போய்ச் செய்யுங்களேன்" என்று அவர் மனைவி கீழிருந்து அழைத்தார்.

"இரும்மா, கரண்டு வர்றதுக்குள்ள நட்டுடுறேன். அஞ்சு மணி வரைக்கும் நேரம் கெடக்கு."

குழாய் எழுந்தது. பாதி நிமிர்ந்த நிலையில் காற்று அதனைத் தெருப்பக்கம் சாய்த்தது. அவர் பிடியை விடவில்லை. அப்போது தெருவில், "டேய், கரண்டு வந்துடுச்சுடா!" என்று சிறுவர்கள் துள்ளினர். பராமரிப்புப் பணி முன்னதாகவே முடிந்துவிட்டது போலும். அவரும் அதைக் கேட்டார். முகம் தெருவை நோக்கித் திரும்பிற்று. அது முழுதும் திரும்புமுன் குழாய் கம்பியைத் தொட்டது. என் கையிலிருந்தது நைலான்; அவர் கையிலிருந்தது அலுமினியம். வேற்றுமை அவ்வளவே.

அடக்கத்தின் மறுநாள் திருச்சியிலிருந்து வானொலி ஆர்வலர் சிலர் வந்தனர். அவரது முகத்தையோ குரலையோ அவர்கள் அறியார். தம்மவருள் ஒருவர் மறைந்தால் அவரது அழைப்புக்குறியை வானலையில் அறிவிப்பது அவர்களது வழக்கமாம். முற்றத்தில் நின்றபடி ஒருவர் கையடக்க வானொலிக் கருவியில் அக்குறியை எழுத்தெழுத்தாக உரைத்து, இறப்பைத் தெரிவித்தார். அக்குறி வானில் ஒலித்தது அதுவே முதன்முறை. முகமறியாக் குரல்கள் ஒவ்வொன்றாக அதனைத் திருப்பிச் சொல்லி அடங்கின.

கதவோரம் நின்றிருந்த அவர் மனைவி என் பக்கம் திரும்பினார்.

"யாரு மாமா, அவரயா கூப்புடுறாங்க?"

"ஆமாம்மா" என்றேன்.

"அப்ப யாராச்சும் பதில் சொல்லுங்களேன்."