விமான நிலையம் சொன்ன காற்றழுத்தம்

நெட்டா ஹால்வர்சனை வந்த முதல் வாரமே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. மலைமேல் இருக்கும் பியூட் நகரத்துப் புற்றுநோய் மருத்துவமனையில் கதிர் இயந்திரத்தை இயக்குகிறவள் நான். அதிலிருந்து வரும் கதிரின் அளவைச் சரிபார்க்கிற இயற்பியலாளர் அவள். ஆரிகன் கடற்கரையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள். தான் போட்ட கணக்கைக் காட்டாமல் இன்னொருவரையும் தனியாகப் போடச் சொல்வாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் நோயாளி சிகிச்சை மேசையில் ஏறலாம். வறட்டுப் பிடிவாதம்!

"கடையில கறி அடைச்ச பேஸ்டி வாங்கினாலும் ரெண்டு பேர வச்சு எடை போடுவியா?" என்று கேலி செய்வேன். சிரிக்கவே மாட்டாள்.

பனி கொட்டிய ஒரு காலை. பழுதுபார்த்து முடித்த இயந்திரத்தை அவள் அளந்தபோது கதிரின் அளவு மிகவும் குறைவாக வந்தது. வெளியே கிளிஃப் ட்ரெகியர் காத்திருந்தார். பழைய சுரங்கத் தொழிலாளி, தொண்டையில் புற்று. பழுதால் அவர் சிகிச்சை ஏற்கெனவே தடைபட்டிருந்தது. இன்னும் தள்ளிப்போட்டால் புற்றுக்குத்தான் கொண்டாட்டம்.

"கொறஞ்சா கூட்டி வைக்க வேண்டியதுதானே? மனுஷன் பனியில வண்டி ஓட்டிட்டு வந்திருக்காரு" என்றேன்.

"கூட்டலாம். மொதல்ல ரஸ் வந்து தனியா அளக்கட்டும்."

ரஸ் ஹெலெனா நகரத்தில் இருக்கும் இயற்பியலாளர். மலைப்பாதையில் வந்து சேர மதியமாகிவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன் கணக்கு மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

"இல்ல" என்றாள். அவ்வளவுதான்.

ரஸ் வந்து, தன் கருவிகளால் அளந்தார். இயந்திரம் சரியாகவே இருந்தது.

"காத்தழுத்தம் எங்க எடுத்த?" என்று நெட்டாவைக் கேட்டார்.

"இங்க இருந்த மானி ஒடஞ்சுபோச்சு. விமான நிலையத்துல கேட்டேன்."

"அடக் கடவுளே! அவங்க சொல்றது கடல் மட்டத்துக்கு மாத்துன கணக்கு, நெட்டா. நாம மலை மேல இருக்கோம்!"

கதிரை அளக்கும் சிமிழுக்குள் இருப்பது காற்று. மலையில் காற்று மெல்லியது, அதனால் அளவைக் குறைத்துக் காட்டும். உள்ளூர் அழுத்தத்தை வைத்துச் சரிக்கட்ட வேண்டும். கடலோரத்தில் விமான நிலையத்துக் கணக்கும் உள்ளூர் அழுத்தமும் ஒன்றுதான். பழக்கதோஷம் அவளை ஏமாற்றிவிட்டது. என் பேச்சைக் கேட்டுக் கூட்டியிருந்தால் கிளிஃபின் தொண்டை வெந்திருக்கும்.

நெட்டாவின் முகம் வெளுத்துவிட்டது. நேராகக் கிளிஃபிடம் போனாள்.

"தப்பு என்னோடது. நான் போட்ட கணக்குப்படி விட்டிருந்தா அஞ்சுல ஒரு பங்கு கூடுதலா போயிருக்கும் உங்களுக்கு."

"யாரு கண்டுபிடிச்சா?" கரகரத்த குரலில் கேட்டார் கிளிஃப்.

"ரஸ்."

"அவர யாரு கூப்பிட்டது?"

"நான்தான்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கிளிஃப் மெதுவாக எழுந்து மேல்சட்டையைக் கழற்றினார்.

"அப்புறம் ஏம்மா அழுவுற? சுரங்கத்துல வச்ச வெடி எல்லாம் வெடிச்சுதான்னு சத்தத்த ரெண்டு பேரு தனித்தனியா எண்ணுவோம். எண்ணிக்கை ஒத்துப்போகலைன்னா எவனும் உள்ள காலெடுத்து வைக்க மாட்டான். அதனாலதான் நான் இன்னிக்கும் உயிரோட இருக்கேன். வா, என்னை மேசையில ஏத்து."

நெட்டா அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.