தண்ணீர் என்று சொல்

எழுபத்து மூன்றாம் அகவையில் நான் ஒரு சமையற்காரப் பெண்மணியின் மீது பொறாமை கொண்டேன். இதை மென்மையாகச் சொல்ல வேறு சொற்கள் எனக்குத் தெரியும்; அவை வேண்டா. பொறாமை என்பது பொறுத்துக்கொள்ள இயலாமை என்று கல்லூரி வகுப்புகளில் முப்பது ஆண்டுகள் பிரித்துக் காட்டியவன் நான். அச்சொல்லுக்குள் குடியிருப்பது எப்படி என்பதை அவர் எங்கள் சபைக்கு வந்த பிறகே அறிந்தேன்.

மலையாளம் வழங்கும் இந்நகரில், எங்கள் திருச்சபையில் ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தமிழ் வழிபாடு. அது முடிந்ததும் அதே கட்டடத்தில் மலையாள வழிபாடு. நாங்கள் வெளியேறும் வாயிலில் அவர்கள் நுழைவார்கள், தலையசைத்துக்கொள்வோம், அவ்வளவே உறவு. தமிழ் வழிபாட்டின் இறுதியில், புதிதாக வந்தோர் எழுந்து நின்று பெயரும் ஊரும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கட்டட வேலைக்கும் உணவக வேலைக்கும் தெற்கேயிருந்து வந்தவர்கள். அவர்களை அன்று சபையார் யாரேனும் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று காலை உணவளிப்பது எங்கள் வழக்கம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அந்த 'யாரேனும்' நானாகவே இருந்தேன். கரமனையில் உள்ள என் வீடு கோயிலிலிருந்து நடக்கும் தொலைவு. என் மனைவி மரச்சீனி எனும் மரவள்ளிக் கிழங்கை அவித்து, மீன்குழம்பு வைத்திருப்பாள். விருந்தினர் உண்ணும்போது அவர்களுடைய பேச்சில் கலந்திருக்கும் மலையாளச் சொற்களை நான் பொறுக்கி எடுத்துத் திருத்துவேன். அவர்களும் சிரித்துக்கொண்டே ஏற்பார்கள். உணவோடு மொழியும் ஊட்டுகிறேன் என்று எனக்குள் ஒரு நிறைவு இருந்தது.

அந்தப் பெண்மணியும் முதல் ஞாயிறு என் மேசையில்தான் உண்டார். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கணவர் இறந்தபின் மலையிறங்கி வந்து, தம்பானூரில் ஓர் உணவகத்தின் அடுக்களையில் வேலைக்கு அமர்ந்திருந்தார். ஐம்பது அகவை இருக்கும். தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும் பேச்சு. நான் அன்று ஏழெட்டு இடங்களில் திருத்தினேன். அவர் எதையும் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கைகழுவிய பின் என் மனைவியோடு அடுக்களைக்குள் போய்ப் பாத்திரம் துலக்கிவிட்டுத்தான் சென்றார்.

ஓராண்டு கழிந்திருக்கும். ஒரு ஞாயிறன்று இருவர் புதியவர்களாக எழுந்து நின்றார்கள். வழிபாடு முடிந்து நான் அவர்களை நோக்கிச் சென்றபோது, அவர்களை அழைத்து வந்திருந்த டைல்ஸ் வேலைக்காரர் குறுக்கே வந்தார். களியக்காவிளைப் பக்கத்து இளைஞர். முன்பு இரண்டு மூன்று முறை என் வீட்டில் உண்டவர்.

"சாரே, இவங்கள அக்கா விளிச்சாச்சு. போகல்லேன்னா அக்கா பிணங்கும்."

"விளிச்சாச்சு அன்று, அழைத்தாயிற்று," என்றேன்.

"ஆமா சார், அதுதான்," என்று அவர் நகர்ந்துவிட்டார்.

அக்கா என்றது அந்தப் பெண்மணியை. அன்று என் வீட்டுக் கிழங்கு மிஞ்சியது. அடுத்த ஞாயிறும் மிஞ்சியது. மூன்றாம் ஞாயிறு என் மனைவி அளவைக் குறைத்து அவித்தாள். அதை நான் கண்டுகொண்டேன்; கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தப் பெண்மணி இருந்தது எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு சந்துக்குள், இரண்டறை வாடகை வீட்டில். செய்தித்தாள் வாங்கப் போகிறவன்போல ஞாயிறுதோறும் அந்தச் சந்து வழியாக நடக்கத் தொடங்கினேன். வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவேன். பதினொரு இணை. மறு வாரம் பதினான்கு. தேய்ந்தவை, சிமெண்டு படிந்தவை, ஓரிரு சிறுமியர் செருப்புகள். உள்ளேயிருந்து சிரிப்பொலி வரும். என் மேசையில் எவரும் அப்படி உரக்கச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. அச்சிரிப்பை நான் 'ஒழுங்கின்மை' என்று மனத்துள் பெயரிட்டேன்.

"பேப்பர் கடை இந்தப் பக்கம்லா இருக்கு," என்றாள் என் மனைவி. அவள் நாகர்கோவில்காரி. "நீங்க எதுக்கு அந்தச் சந்தைச் சுத்திக்கிட்டு வாறீங்க?"

"நடை உடலுக்கு நல்லது."

"ஞாயித்துக்கிழமை மட்டும் நல்லதாக்கும்."

ஒருநாள் அவ்வாறு நடக்கையில் உணவுக்கு முன் அவர் செய்த வேண்டுதல் சாளரம் வழியே கேட்டது. நான் நின்றுவிட்டேன். "கர்த்தாவே, சோறு தந்தீங்க, நல்ல வெள்ளம் தந்தீங்க, வந்திருக்கிற பிள்ளைகளைத் தந்தீங்க, ஸ்தோத்திரம்." அவ்வளவுதான். குடிநீரை மலையாளத்தில் வெள்ளம் என்பார்கள். தமிழில் அது ஊரை அடித்துச் செல்வது. தமிழில் வேண்டிக்கொண்டிருந்த ஒருவர், பெருக்கெடுத்து வரும் நீரை நல்கியதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டார். எனக்கு உண்டான மகிழ்ச்சியை இன்று நினைத்தாலும் கூசுகிறது. புதையல் எடுத்தவன்போல வீடு திரும்பினேன்.

ஆண்டுக்கு ஒருமுறை இரு வழிபாட்டாரும் ஒன்றாகக் கூடி, ஒன்றாக உண்ணும் ஞாயிறு ஒன்று உண்டு. ஐக்கிய ஞாயிறு என்பார்கள். நான் ஒருமை ஞாயிறு என்பேன். அன்று வரவேற்புரையும் உணவு வேண்டுதலும் தமிழ்ச் சபையின் பொறுப்பு. ஆண்டுதோறும் அது என் பொறுப்பு. புதியவர்கள் என் மேசையை விட்டுப் போனபின், விருந்தோம்புகிறவன் என்று சபையில் எனக்கு மிஞ்சியிருந்த அடையாளம் அது ஒன்றே. அந்த ஆண்டு சபைக் குழு கூடியபோது எங்கள் ஆயர் தயக்கத்தோடு தொடங்கினார். "இந்த முறை அந்த அக்காவிடம் கொடுத்துப் பார்க்கலாமா? ஆட்களை அவர்தானே இப்போது பார்த்துக்கொள்கிறார்."

எவரும் மறுக்கவில்லை. அதுதான் சுட்டது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொடுக்கலாம். ஆனால் முன்னதாகப் படகுக்குச் சொல்லிவிடுங்கள். அந்த அம்மையார் வெள்ளம் தந்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறவர் என்று கேள்விப்பட்டேன்," என்றேன்.

சிரிப்பு எழுந்தது. நன்றாகவே எழுந்தது. ஆயர் மட்டும் தம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாளரத்தின் கீழ் நின்று கேட்டதைக் 'கேள்விப்பட்டேன்' என்று சொன்னதில் பொய் இல்லை என்று வழிநெடுக என்னைத் தேற்றிக்கொண்டேன்.

இரண்டு நாளில் அவரிடமிருந்து ஆயருக்குச் செய்தி வந்தது: தமக்கு வேண்டாம், எப்போதும்போல சாரே செய்யட்டும். ஆயர் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவர் குரலில் ஏதும் இல்லை. நான் வென்றுவிட்டேன். மனைவியிடம் படகுப் பேச்சைச் சொல்லிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்த டைல்ஸ் வேலை செய்யுத தம்பி ஏன் நம்ம வீட்டுக்கு வாறதில்லன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"அங்கே ஆரவாரம் இருக்கிறது. இளைஞர்களுக்கு அது பிடிக்கும்."

"கடைசியா வந்தான்லா, அன்னைக்கு அவனுக்குக் கிழங்கு தொண்டையில அடைச்சிட்டு. கண்ணு ரெண்டும் சிவந்து போச்சு. வெள்ளம் தாங்க சாரேன்னு கையை நீட்டுனான். நீங்க கிளாஸை மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, 'தண்ணீர் என்று சொல், தருகிறேன்'ன்னீங்க."

"அவர் சொன்னார். நான் கொடுத்தேன். சிரித்தாரே."

"சிரிக்காம? உங்க வீட்டுல இருந்துல்லா தின்னுக்கிட்டு இருக்கான். இருமி முடிச்சிட்டுச் சிரிச்சான். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால நின்னு பார்த்தேன்."

"அன்றே நீ சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா முதல்ல என் தமிழைல்லா திருத்துவீங்க."

அந்தக் காட்சி எனக்கும் நினைவில் இருந்தது; ஆனால் வேறாக இருந்தது. என் நினைவில் அவர் ஒரு சொல்லைக் கற்றுக்கொண்ட நாள் அது. அவருடைய கண்கள் சிவந்திருந்தமை என் நினைவில் இல்லவே இல்லை. நீருக்காகக் கை நீட்டியவரின் முகத்தைப் பாராமல், நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒருமை ஞாயிற்றுக்கு முந்திய மாலை, மனைவியோடு அந்தச் சந்துக்குள் சென்றேன். நேராக வாசல்வரை நடந்தது அதுவே முதன்முறை. அவர் வேலை முடிந்து வந்து, முற்றத்தில் அமர்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"சாரா? வாங்க, இரிங்க. அம்மாவும் வந்திட்டுண்டே. அந்த சேரு ஆடும், பார்த்து இரிங்க."

நான் நின்றுகொண்டே, "குழுவில் நான் பேசியது தவறு. நாளை வரவேற்பை நீங்களே செய்ய வேண்டும்," என்றேன்.

"ஓ, வெள்ளத்தோட கதையா?" அவர் வெங்காயத்தைக் கீழே வைக்கவில்லை. "அது கொள்ளாம் சாரே, நல்லாத்தான் இருந்தது. கேட்டப்ப நானும் சிரிச்சுப் போயிட்டேன். எங்க தோட்டத்து லயத்து வீட்டுல மழை பெஞ்சா ரெண்டு வெள்ளமும் ஒண்ணுதான். வீட்டுக்குள்ளாறயே வந்திரும்."

"பிறகு ஏன் வேண்டாம் என்றீர்கள்?"

அவர் என் மனைவியை ஒருமுறை பார்த்தார். "சொன்னா சார் கோபிக்கக் கூடாது, கேட்டோ. எனக்கு ஞாயித்துக்கிழமை ஆனா வீடு நிறைய ஆளு உண்டு. சாருக்கு இப்ப இது ஒண்ணுதானே பாக்கி. அதையும் நான் எடுத்துக்கிட்டா எப்படி?"

அவர் அழுதிருந்தால் ஆற்றியிருப்பேன். சினந்திருந்தால் தலைகுனிந்திருப்பேன். என்னிடமிருந்து பறிபோனவற்றை நானே எண்ணிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவரும் எண்ணியிருக்கிறார், எண்ணி எனக்கென ஒரு பங்கை ஒதுக்கி வைத்திருக்கிறார். விருந்தோம்பலில் அவர் என்னை வென்றதை நான் ஒருவாறு பொறுத்திருப்பேன். விட்டுக்கொடுப்பதிலும் அவரே முந்திக்கொண்டார் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. என் மனைவி முற்றத்தில் குந்தி அமர்ந்து இரண்டு பிடி வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள்.

மறுநாள் காலை ஆயரிடம், எனக்குத் தொண்டை சரியில்லை, அந்த அம்மையாரே வரவேற்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். இதைப் பணிவு என்று எழுத எனக்கு விருப்பம்தான். உண்மை அதுவன்று. அவர் எனக்காக ஒதுக்கி வைத்ததை உண்ண எனக்கு மனம் வரவில்லை.

ஒலிவாங்கியின் முன் அவர் மிகச் சிறிது நேரமே நின்றார். இரு மொழியும் கலந்து நான்கைந்து வரி. வெயில் ஏறுது, பிள்ளைங்களுக்கு விசக்குது, பசிக்குது, எல்லாரும் தெரியாத ஆளு பக்கத்துல போய் இரிங்க, தெரிஞ்ச ஆளு பக்கத்துல இரிந்தா ஊணு இல்ல. பிறகு நாற்காலிகள் உராயும் ஓசை எழுந்தது. வழக்கமாகப் பந்தலின் இடப்புறம் நாங்களும் வலப்புறம் அவர்களுமாக அமர்வோம். அன்று மாறி மாறி அமர்ந்தார்கள். என் வரவேற்புரை இருபது நிமிடங்களுக்குக் குறைந்ததில்லை. அதில் ஒற்றுமை என்ற சொல்லைப் பல வகையாகப் பொருள் விரித்திருக்கிறேன். ஒருவரும் இடம் மாறி அமர்ந்ததில்லை.

என் அருகே மலையாள வழிபாட்டுக்காரர் ஒருவர் வந்தமர்ந்தார். என்னை ஒத்த அகவை. ஆண்டுதோறும் என் உரைக்கு முன்வரிசையில் அமர்ந்து தலையாட்டுபவர்.

"சாரின்றே பிரசங்கம் இக்குறி இல்லே?" என்று, இம்முறை என் உரை இல்லாததைக் கேட்டார்.

"தொண்டை சரியில்லை."

"கஷ்டமாயிப் போயி. கேட்கான் நல்ல சுகமாணு." இலையில் உப்பை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே, சற்றுத் தயங்கிப் பின் சொன்னார்: "ஒண்ணும் மனசிலாவில்ல. எந்நாலும் சுகமாணு."

அத்தனை ஆண்டும் என் உரை அவருக்கு ஒன்றும் விளங்கியதில்லை; ஆனாலும் கேட்க இனிமையாம். அவர் பகடி செய்யவில்லை. அதனால் என்னாலும் சிரிக்க முடிந்தது. அந்தப் பெண்மணியோ ஒவ்வொரு பந்தியாக நடந்து, இரு மொழிக்காரரும் ஒரே குரலில் பதில் சொல்லும்படி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எவர் எவ்வளவு அன்போடு அவரை நோக்குகிறார் என்று அளந்தேன். அளந்து முடிப்பதற்குள் என் இலையில் பாயசம் ஆறிவிட்டது.

கைகழுவுமிடத்தில் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சாரே, நான் சபைக்கு வந்து ரெண்டு வருசமாச்சு. சார் ஒரு நாள் கூட என் வீட்டுல வந்து ஊணு கழிச்சில்ல. எத்தனை தடவ விளிச்சேன்."

அது மெய். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு நாகரிகமான காரணம் சொல்லியிருக்கிறேன். பிறர் வீட்டில் விருந்தினனாக அமர்வது எப்படி என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. "அடுத்த ஞாயித்துக்கிழமை வாறோம்," என்றாள் என் மனைவி, என்னைக் கேளாமலே.

சென்றோம். முன்னறையில் பாய் விரித்திருந்தார்கள். முழங்கால் மடங்க மறுத்தது. டைல்ஸ் வேலைக்காரர் சுவரோடு சாய்ந்திருந்தவரை நகர்த்திவிட்டு எனக்கு அங்கே இடம் செய்து கொடுத்தார். அதற்குமேல் எவரும் என்னைச் சிறப்பாகக் கவனிக்கவில்லை. பேச்சு அவர்கள் போக்கில் ஓடியது. மூன்று இடங்களில் திருத்த வேண்டிய சொற்கள் வந்தன. வாயில் கிழங்கு இருந்ததால் பேசாதிருந்தேன். நான்காவது வந்தபோது வாய் காலியாகத்தான் இருந்தது. அப்போதும் பேசாதிருந்தேன், அது எளிதாக இல்லை.

மீன்குழம்பு எங்கள் வீட்டுக் குழம்பைவிட நன்றாக இருந்தது. முதல் கவளத்திலேயே தெரிந்துவிட்டது. அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை. என் மனைவியோ அடுத்த பந்தியில் அமர்ந்து, குடம்புளியை எப்போது சேர்த்தீர்கள் என்று அந்தப் பெண்மணியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவர் அகப்பையோடு எழுந்து என்னருகே வந்து, நான் ஏதும் கேட்பதற்கு முன்பே என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார். நான் அதை உண்டேன்.