வெட் ஷூஸின் மூன்றாவது குரல்

வினுஷாவை நான் முதலில் பார்த்தது சிட்னியின் வெஸ்ட்மீட்டில், பெரிய மருத்துவமனைக்கு எதிரே உள்ள இரத்தப் பரிசோதனை நிலையத்தில். சென்ற ஆண்டு ஜூலை. குளிரில் நரம்பு உள்ளே ஒளிந்துகொண்டு பிடி கொடுக்கவில்லை.

"கையை நல்லாப் பொத்துங்கோ. பயப்பிடாதேங்கோ, இண்டைவரைக்கும் நான் ஒருத்தரையும் கொல்லேல்லை" என்றாள்.

சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். அடுத்த நிமிடம் வரவேற்பு மேசைப் பெண்ணிடம் அவள் பேசிய ஆங்கிலமோ சிட்னி ஆங்கிலமாக இல்லை. ரகரத்தை நாக்கில் உருட்டி உருட்டிப் பேசினாள். அது எந்த ஊர் ஆங்கிலம் என்று கேட்டதற்கு, "கிளாஸ்கோ. ஸ்கொட்லாந்து. அங்க நான் ஒரு காலத்தில பேர் போன பாட்டுக்காரி. இப்ப ஊசி குத்திறன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் தோன்றியது. விளையாட்டு இல்லை. மாதம் ஒருமுறை இரத்தம் கொடுக்கப் போகவேண்டி இருந்ததால், மீதிக் கதையும் மாதம் கொஞ்சமாக வந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்றுதான் அவள் சொல்லத் தொடங்கினாள்.

அவளுடைய அப்பா கதிர்காமநாதனுக்குக் கிளாஸ்கோவில் ஒரு மூலைக்கடை. பால், பேப்பர், சிகரெட், லாட்டரிச் சீட்டு. கடைக்குப் பின்னால் சிப்ஸ் பெட்டிகள் அடுக்கிய ஓர் அறை. வெளியே எப்போது பார்த்தாலும் மழை என்பதால், பள்ளிக்கூடம் விட்டதும் மூன்று பெண்கள் அந்த அறையில் கூடிவிடுவார்கள். வினுஷா, பேருந்து ஓட்டுநர் மகள் ஐலா, பக்கத்துக் கட்டடத்து கிர்ஸ்டி. ஈரக் காலணிகளைக் கழற்றிச் சூடேற்றியின் மேல் வைத்துவிட்டுப் பாடுவார்கள். அதனால்தான் குழுவுக்கு 'வெட் ஷூஸ்' என்று பெயர்.

அவர்களைத் தூக்கிவிட்டது ஒரே ஒரு பாட்டு. ஐலாவின் அப்பா ஓட்டிய அறுபத்திரண்டாம் எண் பேருந்தைப் பற்றியது. பாட்டின் பெயரும் 'சிக்ஸ்டி டூ'தான். சொற்கள் ஐலாவுடையவை. திரும்பத் திரும்ப வரும் பல்லவியின் மெட்டு வினுஷா போட்டது. மூன்று குரல்களில் மேலே தனியாக ஏறிப்போகும் குரலும் அவளுடையதுதான். லண்டன் கம்பெனி ஒன்று பதினெட்டு வயதில் அவர்களை எடுத்துக்கொண்டது. மறு வருடம் அந்தப் பாட்டு பிரிட்டன் தரவரிசையில் எட்டாம் இடத்துக்கு வந்தது. தொலைக்காட்சியில் வந்தார்கள். கிளாஸ்கோவில் பேருந்துக்கு நின்ற பிள்ளைகள் அதைப் பாடின.

கதிர்காமநாதன் மகளைத் தடுக்கவில்லை. ஆனால் ஒன்று சொன்னார்.

"உன்ர விருப்பத்துக்கு நான் குறுக்க நிக்கேல்லைப் பிள்ளை. ஆனா எங்கட பேர் அதில வரக்கூடாது. நாளைக்கு உனக்கு ஒரு இடம் பாக்கேக்குள்ள ஆக்கள் கேப்பினம்."

ஊரில் இருந்த தமிழர்களிடம், மகள் லண்டனில் மருந்தாளர் படிப்புப் படிக்கிறாள் என்று சொல்லிவிட்டார். கம்பெனிக்காரர்களுக்கும் இது வசதியாகப் போயிற்று. வினுஷா கதிர்காமநாதன், 'வின்னி ராஸ்' ஆனாள். தலையில் பொன்னிற விக் ஏறியது. எல்லாம் காதும் காதும் வைத்ததுபோல் நடந்தது.

லண்டனில் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு சின்ன ஃபிளாட். சமையலறையில் எடை பார்க்கும் கருவி. திங்கள்கிழமை தோறும் மேலாளர் வந்து மூவரையும் அதில் ஏற்றி நோட்டில் குறித்துக்கொள்வார். கிர்ஸ்டி பசிக்கு ஐஸ்கட்டியைக் கடித்துத் தின்னப் பழகினாள். பர்மிங்ஹாமில் பாட்டின் நடுவிலேயே மயங்கி விழுந்தாள். கூட்டம் அதை நடனத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டியது. இரண்டாவது பாட்டு அறுபத்தொன்றாம் இடத்தோடு நின்றது. மூன்றாவதை வெளியிடவே இல்லை.

கம்பெனி உடனே கைகழுவிவிடவில்லை. 2011இல் ஆஸ்திரேலியாவில் ஒன்பது ஊர்களுக்கு அனுப்பி, "இதில் தேறினால் பார்க்கலாம்" என்றது. ஒரு வேன், மூன்று பெண்கள், ஓட்டுநர். ஊர் ஊராகக் கிளப்புகள். முன்னால் மேசைகளில் குடும்பம் குடும்பமாக இறைச்சி வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். மூலைத் தொலைக்காட்சியில் கால்பந்து ஓடும். வுல்லங்காங்கில் பாட்டைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, இறைச்சித் தட்டைப் பரிசாகக் கொடுக்கும் சீட்டுக் குலுக்கலில் விழுந்த எண்ணை வாசித்தார்கள். பரிசு வாங்கிய கிழவர் தட்டோடு மேடை அருகே வந்து, "பாடுங்கம்மா, பாடுங்க, நீங்க தொந்தரவா இல்லை" என்றாராம்.

கடைசி நிகழ்ச்சி சிட்னியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதைப் பார்த்து முடிவு சொல்ல லண்டனிலிருந்து கம்பெனி ஆள் வந்திருந்தார். இரண்டு நாள் முன்னதாகக் கிளாஸ்கோவிலிருந்து அப்பாவின் தொலைபேசி வந்தது.

"ஹோம்புஷில ஒரு பெடியன். சுகிர்தன் எண்டு பேர், இஞ்சினியர். நீ படிப்பு விஷயமா சிட்னிக்கு வந்து நிக்கிறாய் எண்டு சொல்லியிருக்கிறன். ஞாயிறு பின்னேரம் போய்த் தலையைக் காட்டிப்போட்டு வா."

"அண்டைக்கு எனக்கு நிகழ்ச்சி இருக்கப்பா."

"எத்தினை மணிக்கு?"

"ஏழு."

"அவை நாலு மணிக்கு வரச்சொல்லினம். ஒரு தேத்தண்ணி குடிக்க எவ்வளவு நேரம்?"

ஐலாவிடம் வயிற்றுப்போக்கு என்று சொல்லிவிட்டு வினுஷா ஹோம்புஷ் போனாள். தேநீர் வந்தது. பலகாரம் வந்தது. பிறகு சுகிர்தனின் அம்மா பவளம் குசினிக்குள்ளிருந்து, "சாப்பிடாமல் போறதோ? இடியப்பம் அவிச்சுக்கொண்டிருக்கிறன், இரு பிள்ளை" என்று குரல் கொடுத்தார். பெண்பார்க்கக் கூப்பிட்ட வீட்டில், ஆறு மணிக்குக் கதிரையை விட்டு எழுந்து எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்ல அவள் வளர்ந்த வளர்ப்பில் வழி இல்லை. இருந்தாள். சாப்பிட்டாள். எட்டரை மணிக்கு டாக்சியில் வந்து கிளப் வாசலில் இறங்கினாள்.

மற்ற இருவரும் வேனின் படியில் உட்கார்ந்திருந்தார்கள். மேலே ஏறும் குரல் இல்லாமல் 'சிக்ஸ்டி டூ'வைப் பாடி முடித்திருந்தார்கள். கம்பெனி ஆள் பாதியிலேயே எழுந்து போயிருந்தார். வயிற்றுப்போக்குக்காரி பட்டுச்சேலையும் தலையில் பூவுமாக வந்து நிற்பதை ஐலா மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருக்குக் கல்யாணம்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் மின்னஞ்சலில் கம்பெனி அவர்களை விடுவித்தது. கிர்ஸ்டி ஊர் திரும்பியதும் மூன்று மாதம் மருத்துவமனையில் கிடந்தாள்.

கல்யாணம் வினுஷாவுக்குத்தான். பதின்மூன்று வருடம் அவள் சிட்னியில் ஒரு பாட்டும் பாடவில்லை. குழந்தைக்குத் தாலாட்டுக்கூடப் பாடவில்லை. குரலை யாராவது கண்டுபிடித்துவிட்டால் என்கிற பயம். இரத்தம் எடுக்கும் வேலைக்குப் படித்துச் சேர்ந்தாள். கணவன் நல்லவன். மாமியாரும் கெட்டவர் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அப்பா கேட்பார், "ஒருத்தருக்கும் தெரியாதுதானே?" இவள் சொல்வாள், "ஓமப்பா, தெரியாது."

2025 மார்ச்சில் ஐலா அழைத்தாள். பள்ளிப் பிள்ளைகள் யாரோ 'சிக்ஸ்டி டூ'வை எடுத்துத் தங்கள் கைபேசி நடன வீடியோக்களில் போட, பாட்டு திரும்பவும் உலகம் சுற்றிக்கொண்டிருந்தது. வினுஷாவின் மகள் ஆரணியே அதற்கு வீட்டுக் கூடத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். பெரிய அமைப்பாளர் ஒருவர், மே 24, சனிக்கிழமை இரவு ஏழரைக்குச் சிட்னியில் ஒரு நிகழ்ச்சியும், அது நன்றாகப் போனால் ஊர் ஊராகச் சுற்றுப்பயணமும் என்று சொல்லியிருக்கிறார்.

"மூன்று பேரும் வேண்டும் என்கிறார்" என்றாள் ஐலா. "கிர்ஸ்டி இப்போது சாப்பிடுகிறாள், தேறிவிட்டாள். நீ வருவாயா? இன்னொரு தடவை காணாமல் போகமாட்டாயே?"

"வருவேன்" என்றாள் வினுஷா. யோசிக்கவே இல்லை.

வேலை முடிந்ததும் மருத்துவமனை வாகன நிறுத்தத்தின் மேல் மாடிக்குக் காரைக் கொண்டுபோய், கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பாடிப் பார்த்தாள். முதல் நாள் காற்றுதான் வந்தது. ஒன்பதாம் நாள் அந்த மேல் குரல் வந்தது. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். வீட்டில் எப்படிச் சொல்வது என்பதை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

அந்த ஜனவரியில் ஆரணி பெரியபிள்ளை ஆகியிருந்தாள். சாமத்திய வீடு, பூப்பு நீராட்டு விழா, செய்யவேண்டும். பவளம் யாழ்ப்பாணத்து ஐயரிடம் நாள் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு பின்னேரம் குசினி மேசையில் வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு நாள் சொல்லியிருக்கிறார் பிள்ளை. இருபத்திநாலு, இல்லாட்டி முப்பத்தொண்டு. சுகிர்தன்ர தங்கச்சி கலா கனடாவிலயிருந்து வாறாள். அவள் இருபத்தெட்டாந் தேதி திரும்பவேணும். இருபத்திநாலு உனக்கு ஏதும் இடைஞ்சலோ?"

இருபத்திநாலாம் தேதிதான் நிகழ்ச்சி. வினுஷாவின் வாய் பழக்கத்தில் தானாகப் பேசிற்று.

"எனக்கென்ன மாமி இடைஞ்சல்? உங்களுக்கு எது சரியோ அதைச் செய்யுங்கோ."

பவளம் உடனே எழுந்திருக்கவில்லை. "வடிவா யோசிச்சுச் சொல்லு. மண்டபத்துக்கு இன்னும் சொல்லேல்லை."

"ஒண்டுமில்லை மாமி."

அன்றைக்கே அப்பாவுக்குப் போன் செய்தாள். மாமியிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். எழுபத்துநான்கு வயது, நெஞ்சில் அறுவை நடந்த மனிதர். அந்தப் பக்கத்தில் மூச்சு வாங்குவது கேட்டது.

"பதின்மூண்டு வருஷம் காப்பாத்தினதைப் பேரப்பிள்ளையின்ர சாமத்திய வீட்டில போட்டு உடைக்கப்போறியோ? அவை ஒண்டும் அறியாத சனம் பிள்ளை. என்னைப் பொய்க்காரன் எண்டு சொல்லமாட்டினமோ?"

மறுநாள் ஐலாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: என்னால் முடியவில்லை, மன்னித்துக்கொள். ஐலாவிடமிருந்து "சரி" என்று ஒரு சொல் வந்தது.

மே 24. பெண்டில் ஹில் பக்கத்தில் ஒரு மண்டபம், நானூறு பேர். நான்கு மணிக்கு ஆரத்தியில் தொடங்கியது. சடங்கெல்லாம் முடிந்து ஆரணி மூன்றாவது உடுப்பு மாற்றி உள்ளே வரும்போது மணி ஏழரை ஆகியிருந்தது. விளக்குகளை அணைத்தார்கள். ஆரணியும் சிநேகிதிகளும் தங்கள் நுழைவு நடனத்துக்கு என்ன பாட்டு என்று யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் 'சிக்ஸ்டி டூ' தொடங்கியது.

பதினெட்டு வயதுக் குரல் மண்டபத்தின் கூரைக்கு ஏறியது. வினுஷா முன்வரிசைக் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் பவளம் சாய்ந்து, காதருகே சொன்னார்.

"உன்ர குரல் அப்ப நல்ல வடிவு, என்ன?"

வினுஷா திரும்பிப் பார்த்தாள்.

"என்ன முழிக்கிறாய்? கலியாணம் பேசேக்குள்ளயே தெரியும். எங்கட விக்னராஜா அண்ணை லண்டனில உன்ர கூத்தெல்லாம் டிவியில பாத்தவர். பொன்னிறத் தலைமயிரோட வீடியோவும் கொண்டுவந்து காட்டினவர். சுகிர்தன் அதைப் பாத்துத்தான் ஓம் எண்டவன்."

"மாமி... எல்லாருக்கும் தெரியுமோ?"

"இஞ்ச இருக்கிற அரைவாசிப் பேருக்குத் தெரியும். உன்ர அப்பா மறைச்சுக் கதைச்சவர், பாவம், பெரிய மனுஷன். அவற்ற மரியாதையை ஏன் கெடுப்பான் எண்டு நாங்களும் வாய் திறக்கேல்லை. நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்தம்."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மகள் ஆடிக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்கு அவை டவுணில பாடினம் மாமி. என்னையும் கூப்பிட்டவை."

"தெரியும். சுகிர்தன் விளம்பரம் பாத்தவன். அதுக்குத்தானே இடைஞ்சலோ எண்டு ரெண்டுதரம் கேட்டனான். ஓம் எண்டிருந்தால் முப்பத்தொண்டுக்கு வைச்சிருப்பம். கலாவின்ர டிக்கெட்டை மாத்துறது ஒரு வேலையே?"

பவளம் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது என்றாள் வினுஷா.

விருந்தினர் போனபிறகு வாகன நிறுத்தத்தில், மிஞ்சிய பலகாரப் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்த சுகிர்தனிடம் கேட்டாள்.

"தெரிஞ்சா ஏன் என்னட்டக் கேக்கேல்லை?"

"நீ மறைக்க விரும்பினாய் வினு. நான் எப்பிடிக் கேக்கிறது?"

"நான் உங்களுக்காக மறைச்சனான்!"

"நாங்கள் உனக்காகத்தானே கேக்காமல் இருந்தம்."

அவன் பெட்டியைப் பிடித்தபடி நின்றான். பின்சீட்டில் ஆரணி தன் நடனத்தின் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். கார் கிளம்பியதும் வினுஷா அவளிடம், அந்த மேல் குரல் யாருடையது தெரியுமா என்று கேட்டாள். "வின்னி ராஸ். எவ்ரிபடி நோஸ், மம்" என்றாள் பிள்ளை. அது நான்தான் என்றதும், "அம்மா, ப்ளீஸ், டோன்ட் பி எம்பாரசிங்" என்று சிரித்தாள். பிறகு அப்பாவின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தாள். சிரிப்பை நிறுத்தினாள். மம் ஏன் இதை என்னிடம் சொல்லவே இல்லை என்று அன்று இரவு முழுக்கக் கேட்டாள். இரண்டு வாரம் பேசாமல் இருந்தாள்.

வினுஷா ஐலாவை அழைத்தாள். மூன்றாவது தடவைதான் எடுத்தாள். நிகழ்ச்சி நன்றாகப் போனதாம். மெல்பர்னிலிருந்து ஒரு பெண் வந்து மேல் குரலைப் பாடினாளாம். பிழை சொல்ல முடியாதபடி பாடினாளாம். சுற்றுப்பயண ஒப்பந்தம் அந்தப் பெண்ணோடு போட்டாயிற்று.

"நடந்ததைச் சொன்னால் நம்புவாயா?" என்று கேட்டு, வினுஷா நாள் குறித்த கதையைச் சொன்னாள்.

ஐலா முழுவதும் கேட்டாள். "உங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் இவ்வளவு நேசிக்கிறீர்கள். ஒரு கேள்வி கேட்க மட்டும் ஆள் இல்லை" என்றாள். அதற்குப் பிறகு அவள் அழைப்பை எடுக்கவில்லை.

அப்பாவிடம் வினுஷா ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் எப்போதோ தெரியும் என்று அந்த நெஞ்சுக்கு எப்படிச் சொல்வது? கதிர்காமநாதன் நவம்பரில் கிளாஸ்கோவில் காலமானார். கடைசியாகப் பேசியபோதும், ஒருவருக்கும் தெரியாதுதானே என்றார். தெரியாது என்றாள்.

'வெட் ஷூஸ்' இப்போது புதிய மூன்றாவது பெண்ணோடு ஐரோப்பாவில் பாடிக்கொண்டிருக்கிறது. 'சிக்ஸ்டி டூ'வை அவள் குரலில் மறுபடி பதிந்து வெளியிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் இப்போது அந்தப் பதிவுக்குத்தான் ஆடுகிறார்கள். சுகிர்தனுக்கு வேலை மாற்றலாகி, குடும்பம் பிப்ரவரியில் மெல்பர்னுக்குப் போய்விட்டது. வினுஷா அந்த நகரின் டார்னெய்ட் பகுதியில் இருக்கிறாள். அங்கே ஒரு பரிசோதனை நிலையத்தில், வாரத்தில் ஐந்து நாள், காலை ஏழு மணியிலிருந்து இரத்தம் எடுக்கிறாள். பாடுவதில்லை.