வேனுக்கு எர்த் இல்லை

ஆஸ்பத்திரி நர்சுகளை ஏற்றி இறக்கும் பழைய வேனை ஓட்டுகிறவளை எல்லோரும் வேன்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் இறந்துபோனதும் வண்டியை விற்றுவிடச் சொன்ன சொந்தக்காரர்களிடம், "வித்துட்டு உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கவா?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்தவள் அவள்.

அந்தக் கோடையில் வண்டி அவள் மானத்தை வாங்கியது. ஓடும்போது ஒன்றுமில்லை. நெரிசலில் நின்றால் போதும், சூடு காட்டும் முள் விறுவிறுவென்று ஏறும். காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்பதோடு சரி. வெள்ளைச் சீருடையோடு நர்சுகள் இறங்கித் தள்ளுவார்கள்.

ஒர்க்‌ஷாப்காரர் முதலில் பேட்டரியை மாற்றினார். அப்புறம், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று சொல்லி அதையும் மாற்றினார். வண்டி மறுபடியும் படுத்துக்கொண்டது.

"வண்டியில ஒண்ணும் இல்லம்மா, ஓட்டுற ஆள்லதான் கோளாறு. பொம்பளைங்க கிளட்ச்ல இருந்து காலையே எடுக்க மாட்டீங்க. சூடாகாம என்ன செய்யும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரேடியேட்டர் ஃபேன் தூங்கி வழியுதே, அதையும் என் கால்தான் பிடிச்சு நிறுத்துதா?"

அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பழுதான மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடையில் வேலை செய்கிற நாத்தனார், விஷயம் கேட்டு மீட்டரோடு வந்தாள். "அண்ணி, ஸ்டார்ட் பண்ணி விடுங்க."

எஞ்சின் ஓடியும் பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட்டைத் தாண்டவில்லை. ஆல்டர்னேட்டரிலேயே வைத்துப் பார்த்தால் பதினாலு. "இது ஒழுங்காத்தான் குடுக்குது. பேட்டரிக்குத்தான் போய்ச் சேரல" என்றவள், ஒரு தடித்த ஒயரை எடுத்து பேட்டரியின் மைனசிலிருந்து எஞ்சினுக்குக் கொடுத்தாள். பேட்டரியிலும் பதினாலு காட்டியது. தூங்கி வழிந்த ஃபேன் இரைந்துகொண்டு சுற்றியது.

வேன்காரம்மா வண்டிக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தாள். எஞ்சினையும் பாடியையும் இணைத்து, கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப வழிவிடும் எர்த் பட்டை ஒரு பக்கம் அறுந்த வால் மாதிரி தொங்கியது. கோடைக்கு முன்னால் கிளட்ச் தட்டு மாற்ற கியர்பாக்ஸை இறக்கிய அதே ஒர்க்‌ஷாப்பில், பட்டையைத் திருப்பி மாட்ட மறந்திருந்தார்கள்.

"மறந்தது அவரு, கெட்ட பேரு எனக்கா?" முந்தானையில் கிரீஸைத் துடைத்தபடியே ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பிவிட்டாள்.

"என் வண்டியில இருந்து கழட்டின ஆல்டர்னேட்டரக் குடுங்க. அதுல கோளாறே இல்ல."

"அதெல்லாம் அப்பவே பழைய இரும்புக்குப் போயிடுச்சு."

பக்கத்தில் அவருடைய சொந்தக் கார் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தவளுக்கு ரத்தம் கொதித்தது. அவள் புருஷன் அடையாளத்துக்குப் பூசிய பச்சைப் பெயின்ட் ஆல்டர்னேட்டரின் முதுகில் அப்படியே இருந்தது.

"பழைய இரும்புக் கடை உங்க கார்க்குள்ளயா இருக்கு?"

இந்த முறையும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், ஆனால் அவளைப் பார்த்து இல்லை. ஒர்க்‌ஷாப்காரர் முகம் செத்துப்போனது. "தப்பா ஏதோ மாறிப் போயிருக்கும்..." என்று இழுத்தார்.

"கழட்டுங்க. நான் நிக்கிறேன்."

அவர் கழட்டினார். அவள் இடுப்பில் கை வைத்தபடி கடைசி போல்ட் வரை நின்றாள். மன்னிப்பு என்ற ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆல்டர்னேட்டரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வீதியில் நடந்தபோதும் அவள் கோபம் துளியும் இறங்கவில்லை.