அம்சவள்ளி ஜோடியாக நடந்தாள்

மரக்காணம் உப்பளத்தில் அம்சவள்ளியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. கங்காணியே அவளைக் கண்டால் ஒதுங்கி நிற்பார். அப்பேர்ப்பட்டவளுக்கும் மனசில் ஒரு குறை இருந்தது. கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் புருஷன் வெங்கடாசலத்தின் முதுகைத்தான் பார்த்திருக்கிறாள். உப்புப் பாத்திகளுக்கு நடுவே வரப்பில் ஒரு ஆள்தான் நடக்கலாம். அவன் முன்னால், அவள் பின்னால். பழக்கதோஷம், பஸ் போகிற ரோட்டிலும் அப்படியே நடந்து தொலைப்பான்.

எழுபத்து நாலில் ஐப்பசி மழைக்கு அளத்தில் வேலை நின்றது. "பாண்டிச்சேரி பொட்டானிக்கல் கார்டன்ல ஜோடியா நடக்கப்போறோம்" என்று அவள் பீற்றிக்கொண்டாள். கூட உப்பு வாரும் சின்னப்பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். "உன் வூட்டுக்காரரா? பக்கத்துலயா? நடந்துட்டா நான் மொட்டை போட்டுக்கறேன்டி!" கண்ணால் பார்த்தே தீரவேண்டும் என்று அவளும் பஸ் ஏறிவிட்டாள்.

வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டம் அது. இரண்டு மாட்டுவண்டி சேர்ந்து போகலாம், அவ்வளவு அகலப் பாதை. இந்த மனுஷன் என்ன செய்தான்? உள்ளே நுழைந்ததும் ஓரமாக விறுவிறுவென்று முன்னால் போனான். அவள் எட்டி நடைபோட்டுப் பக்கத்தில் வந்தால், வழிவிடுகிறேன் பேர்வழி என்று இன்னும் வேகமாக நடந்தான். பின்னால் சின்னப்பாப்பாவின் சிரிப்பு. அம்சவள்ளிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அவனோ திரும்பிப் பார்க்காமல் பேசிக்கொண்டே போனான். வரப்பில் அப்படித்தானே, திரும்பினால் பாத்தியில் விழவேண்டியதுதான். "இந்த மரம் எம்மாம் பெருசு பாரு புள்ள..." எதிரே வந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்து விலகினார்கள். வாட்ச்மேன் கேட்டேவிட்டார்: "ஏம்பா, யார்கிட்ட பேசறே?"

திரும்பினான். பின்னால் ஆளே இல்லை. வெங்கடாசலத்துக்கு உயிரே போய்விட்டது. ஓட்டமாக ஓடிவந்து, "இன்னா புள்ள, காணாம போயிட்டியேன்னு..." என்று மூச்சுவாங்கினான்.

"பக்கத்துல நடந்தா காணாம போவேனாய்யா?"

அவன் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அப்புறம் விடவே இல்லை. தோட்டம் முழுக்க ஜோடியாகச் சுற்றினார்கள். அம்சவள்ளி வேண்டுமென்றே சின்னப்பாப்பாவைத் தாண்டித் தாண்டிப் போனாள். "மொட்டை எந்தக் கோயில்லடி?" என்று வேறு கேட்டாள்.

பொழுது சாய ஊர் திரும்பினார்கள். பஸ்ஸை விட்டு இறங்கினால் வீட்டுக்கு வரப்புதான் வழி. வெங்கடாசலம் வரப்பு முனையில் தயங்கி, ஒதுங்கி நின்றான்.

"நீ முன்னால போ புள்ள. கண்ணுக்கு எதிர்ல இருந்தா எனக்குத் தெம்பா இருக்கும்."

அம்சவள்ளி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ராணி மாதிரி முன்னால் நடந்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "இன்னாய்யா, வர்றியா?"

"வர்றேன், வர்றேன்."