எட்டாவது பங்கு

ஒஸ்லோவுக்கு வடக்கே காட்டோரத்துக் கொட்டகை ஒன்றில் சுவரைப் பார்த்து நிற்கிறேன். கண்ணெதிரே ஆணியில் ஒரு பெரிய கொம்பு காய்கிறது. போன வாரம் சுட்ட கிழட்டு எல்க் மானுடையது. அதன் இறைச்சி என் முதுகுக்குப் பின்னால் எட்டுக் குவியல்களாகக் கிடக்கிறது.

வேட்டைக் குழுவின் தலைவர் ஒரு குவியலைக் கோலால் தொட்டு, “யாருக்கு?” என்று நோர்வீஜிய மொழியில் கேட்பார். நான் திரும்பிப் பார்க்காமல் தாளிலிருந்து ஒரு பெயர் சொல்ல வேண்டும். இங்கே யாரையும் தெரியாதவன், யார் பக்கமும் சாயமாட்டேன் என்பதால் இந்த வேலை எனக்கு. தாளை எழுதித் தந்தவர் என்னை அழைத்து வந்த தவம் அண்ணன். பஸ் ஓட்டுநர். இந்த ஆண்டுதான் குழுவில் சேர்ந்திருக்கிறார்.

ஏழு பெயர் சொல்லியாயிற்று. மறுபடியும் “யாருக்கு?”

“அண்ணே, ஒரு பேர் குறையுதே?”

“என்ரை பேரை நான் எழுதேல்லை. மான் முதல்லை எனக்கு முன்னாலைதான் வந்து நிண்டது. பாத்துக்கொண்டே நிண்டிட்டன், சுடேல்லை. எனக்கென்னத்துக்குப் பங்கு?”

தமிழ் தெரியாவிட்டாலும் தலைவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஏதோ சொல்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

“என்ன சொல்றார்?”

“குளிருக்கை நிண்ட எல்லாருக்கும் பங்காம். சுட்டவனுக்கு மட்டுமெண்டால் தான் எத்தினையோ வருசம் பட்டினியாம்.”

கோல் அதே குவியலை மீண்டும் தட்டுகிறது. சுவரைப் பார்த்தபடியே உரக்கச் சொல்கிறேன்: “தவம்!”

திரும்புகிறேன். மற்றவர்கள் பங்கை எடுத்துப்போக வாளி கொண்டுவந்திருக்கிறார்கள். தவம் அண்ணன் தன் மழை அங்கியைக் கழற்றித் தரையில் விரிக்கிறார்.