பன்னிரண்டு ஏக்கர் மகாராணி

மகாராணி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது, முழங்கால் தண்ணீரில் நின்று கேரட் கழுவிக்கொண்டிருந்தபோது. என் மாமனார் ஓடைக்கரைக்கு வந்து, "சின்னக்கருப்பனுக்குப் பொண்ணு பேசி முடிச்சாச்சு, பேரு மகாராணி" என்றார். சின்னக்கருப்பன் என் வீட்டுக்காரர் சோலைமலைக்குத் தம்பி. எனக்கு ஒரே கொழுந்தன். "அரண்மனை எந்தப் பக்கம் மாமா?" என்று கேட்டேன். கூடக் கழுவிய பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. அந்த வாயை அன்றைக்கே தைத்திருந்தால் பின்னால் இவ்வளவு வந்திருக்காது.

அரண்மனை எங்கும் இல்லை. அவளுடைய அப்பா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிறவர். கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து அறையில் பிறந்த பிள்ளைக்குப் பெயரிலாவது குறை வேண்டாம் என்று அப்படி வைத்தாராம். ஏழு வயதில் கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் குடும்பத்தோடு இந்த மலைக்கு வந்தவள். எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது ஒரு தகரப்பெட்டியும், காப்பியைத் தொடாமல் "தேத்தண்ணி" கேட்கிற பழக்கமும் கொண்டுவந்தாள். நான் அவளுக்கு ஓரகத்தி. வயதில் பதினைந்து மூத்தவள். பேச்சில் நூறு மூத்தவள்.

சின்னக்கருப்பன் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. சவுக்கு வெட்டப் போன இடத்தில் மரம் சாய்ந்த பக்கமே ஓடினான். அதிலிருந்து மகாராணி அட்டுவம்பட்டியில் ஒரு லாட்ஜில் வேலை பார்க்கிறாள். வில்பட்டியிலிருந்து காலை பஸ்ஸில் போய் அறைகளைக் கூட்டித் துடைப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும், சனிக்கிழமை வந்துபோனவர்களின் படுக்கை விரிப்புகளை எல்லாம் துவைப்பாள். அதற்குத் தனியாக இருநூற்றைம்பது ரூபாய். பனிக்காலத்துத் தண்ணீர், பிளீச்சிங் பவுடர் வேறு. அவள் இரண்டு உள்ளங்கையும் வெடித்து, சோறு பிசையும்போது உப்புப் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்த டாக்டரம்மா, "துவைக்கிற வேலையை விட்டாத்தான் கை உனக்கு மிஞ்சும்" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகைக்கு மனு வாங்கினார்கள். மகாராணி கணக்குப் போட்டாள். நான்கு ஞாயிறு, ஆயிரம் ரூபாய். "அக்கா, அது வந்துட்டா நான் தண்ணியில கை வைக்க வேணாம்" என்றாள். மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு, கோயிலில் நேர்ந்துகொண்டு வந்தவள் மாதிரி காத்திருந்தாள். குடும்பத்து வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், பத்து ஏக்கருக்கு மேல் மேட்டு நிலம் இருக்கக் கூடாது, கார் ஜீப் இருக்கக் கூடாது என்று நிபந்தனைகள் இருந்தன. அவளுக்கு இருந்ததெல்லாம் மகேந்திரன் என்ற மகனும் ஒரு பிரஷர் குக்கரும்தான்.

மகேந்திரன் ஜீப் ஓட்டுகிறான். ஜீப் திருமலைச்சாமியுடையது. சவாரி இருக்கிற நாளில் ஐந்நூறு, இல்லாத நாளில் பூஜ்யம். வீட்டு வாசலில் இடம் இருந்ததால் ஜீப் எங்கள் பக்கம்தான் நிற்கும்.

அவனுக்கு ஆடலூரில் பெண் பார்த்திருந்தோம். பெண்ணுக்கு அப்பா சேனாதிபதி, காப்பித் தோட்டக்காரர். எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள் நாள் சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். சொல்லாமல் வந்தால்தானே உள்ளது தெரியும். "ஒரு நாள் வெள்ளனே வர்றோம்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

நான் சும்மா இருக்கலாமா? பெரியம்மா ஆயிற்றே. என் வீட்டு ஃப்ரிட்ஜ், டிவி, பீரோ மூன்றையும் ஆள் வைத்துத் தூக்கி, பக்கத்தில் இருக்கிற மகாராணி வீட்டில் வைத்தேன்.

"இது எதுக்குக்கா? இருக்கிறதக் காட்டுவோம்" என்றாள் மகாராணி.

"இருக்கிறதக் காட்டுனா எவன்டி பொண்ணு குடுப்பான்? நீ உன் சோலியப் பாரு. வாற ஆளுக்குப் பதில் சொல்ல நான் இருக்கேன்."

இருந்தேன். அதுதான் கேடு.

ஒரு புதன்கிழமை மகாராணி லாட்ஜுக்குப் போய்விட்டாள். சவாரி இல்லாததால் மகேந்திரன் பக்கத்துத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டக் கூலிக்குப் போயிருந்தான். நல்ல சேலை கட்டி, கைப்பை மாட்டிய ஒரு பெண்ணும், கண்ணாடி போட்ட ஒரு ஆளும் வாசலில் வந்து நின்றார்கள். அந்தப் பெண் வாயைத் திறந்தாள். நான் எங்கே திறக்க விட்டேன்!

"வாங்க வாங்க, உள்ள வாங்க. பஸ்ஸுல வந்தீகளா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்ம ஜீப்பை அனுப்பியிருப்பேன்ல?"

அந்தப் பெண் ஜீப்பைப் பார்த்தாள். "இது உங்க ஜீப்பாம்மா?"

"பின்ன? மகாராணி மகனோடது. சொந்த ஜீப்பு."

காப்பி கொடுத்தேன். மலைவாழைப்பழம் ஒரு சீப்பை முன்னால் வைத்தேன். அவள் கேட்கக் கேட்க நான் விளைந்துகொண்டே போனேன். மகன் எங்கே என்றாள். "நம்ம தோட்டத்துல கெழங்கு எடுக்குறாக, மேப்பார்வைக்குப் போயிருக்கான்" என்றேன். எவ்வளவு தோட்டம் என்றாள். காப்பித் தோட்டக்காரரிடம் இரண்டு ஏக்கர் என்றால் எடுபடுமா? "பன்னெண்டு ஏக்கரு" என்றேன். வருமானம் என்றாள். "சீசன்ல மாசம் அம்பதாயிரத்துக்குக் குறையாது." அம்மா என்ன செய்கிறார் என்றாள். "லாட்ஜுல சூப்பர்வைசரு. வீட்டுல பொழுது போகலைன்னு போறா."

கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் செல்போனில் குத்திக்கொண்டிருந்தார். கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமனாக இருப்பார், ஊரில் போய்ச் சொல்ல மறந்துவிடக் கூடாதென்று எழுதுகிறார் என்று நினைத்தேன். ரேஷன் கார்டையும் கரண்ட் பில்லையும் கேட்டபோதாவது எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். ஆடலூர்க்காரர்கள் விவரமானவர்கள் என்று மெச்சிக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். ஃப்ரிட்ஜைப் போட்டோ எடுத்தார்கள். ஜீப்பையும் எடுத்தார்கள். யாரும் கேட்காமலே நான் ஓடிப்போய் ஜீப்பின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரத்தில் என் சொந்த வீடு வெறுமையாகக் கிடந்தது. அவர்கள் அங்கே எட்டிப் பார்த்திருந்தால், வாங்குகிற முதியோர் பென்ஷன் போதாதென்று எனக்கு இன்னொன்றும் எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

பத்து நாள் கழித்து மகாராணியின் போனில் செய்தி வந்தது. மகேந்திரன் படித்தான். மனு தள்ளுபடி. காரணம்: நான்கு சக்கர வாகனம், நிலம், வருமானம்.

"யாரு வீட்டு நெலம்லே?" என்றாள் மகாராணி. "வேற மகாராணிக்குப் போக வேண்டியது நமக்கு வந்திருச்சோ?"

அது யார் விளைவித்த நிலம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை வாயை மூடியது அன்றைக்குத்தான், அதுவும் தப்பான நாளில். இரண்டு நாள் அப்படியே திரிந்தேன். மூன்றாம் நாள் ரேஷன் கடை முன்னால் அந்தக் கைப்பைப் பெண் எதிரே வந்து, "என்னம்மா, கெழங்கு எடுத்து முடிச்சாச்சா?" என்று சிரித்தாள். பெயர் தேவசேனா, வீடு வீடாகப் போய் மனுக்களை விசாரிக்கிறவள் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். நான் அரிசியை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மகாராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் களிம்பைத் தடவிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் சொன்னாள்:

"மண்டபம் முகாமுல எங்கப்பாவ என்ன வச்சிருக்கேன்னு ஆபிசருங்க கேட்டாங்க. ரெண்டு பெட்டியவும் தொறந்து, மடியில இருந்த சில்லறை வரைக்கும் எடுத்துக் காட்டுனாரு. இல்லாத பன்னெண்டு ஏக்கர நீங்க காட்டியிருக்கீங்க. பெரிய மனசுக்கா உங்களுக்கு."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மேல்முறையீடு செய்யலாம் என்றான் மகேந்திரன். அதற்கு ஜீப் தன்னுடையது என்று திருமலைச்சாமி எழுதிக் கொடுக்க வேண்டும், ஆர்.சி. புத்தகத்தின் நகலும் வேண்டும். நான்தான் போனேன். வேறு யாரை அனுப்ப முடியும்?

அதற்குள் திருமலைச்சாமிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "வாங்க ஓனரம்மா" என்றார். "போட்டோவுல கைய வச்சு நின்னுட்டீங்களே. டயரு நாலும் தேஞ்சு கெடக்கு, மாத்திக் குடுத்துட்டுப் போங்க."

"சாமி, உங்க ஆத்தாவும் என் அத்தை மகளோட நாத்தனாரும் பூம்பாறையில ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டவுக. அந்த நாத்தனாரோட மூத்த மகளக் கட்டுனவரு யாருன்னா…"

"எழுதித் தாறேன்க்கா, எழுதித் தாறேன். உறவ இங்கயே நிறுத்திக்கங்க."

மறுவிசாரணைக்கு நாள் சொன்னார்கள். நான் ஃப்ரிட்ஜ், டிவி, பீரோவைத் திரும்பக் கொண்டுபோனேன். அதோடு நின்றிருக்கலாம். மகாராணியின் குக்கர், மின்விசிறி, இரண்டு நல்ல சேலை, புதுப் பாய் எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய் என் கட்டிலுக்கு அடியில் ஒளித்தேன். அவள் கிழிந்த சேலை கட்ட வேண்டும் என்றும் சொன்னேன். மகாராணி என் வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கு அடியில் குனிந்து, தன் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனாள்.

"குக்கரு என்னோடது. அது என் வீட்டுல இருக்கும். நீங்க இன்னைக்கு ஒரு ஓரமா உக்காருங்க போதும்."

மகேந்திரன் ஜீப்பை எடுத்துக்கொண்டு சவாரிக்குப் போயிருந்தான். தேவசேனா வந்து பாயில் உட்கார்ந்து, பேப்பரை விரித்தாள். அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், வெள்ளை வேட்டியில் ஒரு பெரிய மனிதரும், கையில் பழக்கூடையோடு ஒரு அம்மாவும். ஆடலூர் சேனாதிபதியும் அவர் மனைவியும்! நாள் சொல்லாமல் வருகிறவர்களுக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

மகாராணி அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். சேனாதிபதி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஜீப்பு இருக்குன்னாகளே, எங்கங்க?" என்றார்.

"நானும் அதைத்தாங்க கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள் தேவசேனா.

நான் மகாராணியின் முகத்தைப் பார்த்தேன். ஜீப் இல்லை என்றால் ஆயிரம் ரூபாய் வரும், மருமகள் வரமாட்டாள். இருக்கிறது என்றால் மருமகள் வருவாள், கை போய்விடும். ஒரு கண்ணைக் காட்டினால் நான் தேவசேனாவை வெளியே கூட்டிக்கொண்டு போயிருப்பேன். அதற்கும் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன்.

அவள் கண்ணைக் காட்டவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஜீப்பு மொதலாளியோடது, இந்தா எழுதிக் குடுத்திருக்காரு. மகன் ஓட்டுறான். சவாரி இருந்தா ஐந்நூறு. மாசத்துல பதினைஞ்சு நாளு இருக்கும். இல்லாட்டி கெழங்கு தோண்டப் போவான். எங்களுக்கு நெலம் இல்ல. நான் லாட்ஜுல கூட்டுறேன், ஞாயித்துக்கெழம துணி துவைக்கிறேன்." இரண்டு கையையும் விரித்துத் தேவசேனா முன்னால் நீட்டினாள். "இத எழுதுறதுக்கு அதுல எடம் இருக்கா?"

சேனாதிபதியின் மனைவி மெதுவாக, "பன்னெண்டு ஏக்கருன்னு நம்ம சொந்தத்துல பேசிக்கிட்டாங்களே?" என்றார்.

சொந்தத்தில் அதைப் பரப்பியவளும் நான்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையில் எத்தனை ஓடு என்று எண்ணினேன்.

"அது அக்கா மனசுல இருக்கிற நெலம்ங்க" என்றாள் மகாராணி. "அங்க வெளைஞ்சா எல்லாருக்கும் உண்டு. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

குடித்தார்கள். சேனாதிபதி மரியாதையாகத்தான் பேசினார். மகேந்திரன் வேலையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். "நல்லதுங்க, தோட்டத்துல சோலி கெடக்கு, கலந்து பேசிட்டுச் சொல்லி விடுறோம்" என்று எழுந்தார். பழக்கூடையை வைத்துவிட்டுப் போனார்கள். சொல்லி விடவில்லை. தை மாதத்தில் அந்தப் பெண்ணை வத்தலக்குண்டில் கட்டிக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

தேவசேனா போனில் பெருக்கிப் பார்த்து, "ரெண்டரை லட்சத்துக்கு ரொம்பக் கீழதான் வருது" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, முன்னால் சொன்னது பொய் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாள். அவள் எழுத, நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி என் பெயரைப் போட்டேன். முதியோர் பென்ஷன் மனுவில் போட்டதையும் சேர்த்துப் பார்த்தால், மூக்கம்மாவாகிய நான் உண்மைக்குப் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

ராத்திரி சாப்பிடும்போது மகேந்திரன் சொன்னான்: "பெரியம்மா, அடுத்த தடவ பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்கன்னா, ஒரு வாரம் முந்தியே நீங்க பழனிக்குப் போயிருங்க. பஸ் காசு நான் தாறேன்." அவன் கோபமாகச் சொன்னானா, கேலியாகச் சொன்னானா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. போக வர இரண்டுக்கும் சேர்த்துத் தருவாயா என்று கேட்டேன். மகாராணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மகன் கல்யாணம் என் வாயால் தட்டிப்போனதற்கு அவள் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காதது எனக்குப் போதுமான தண்டனை என்று அவளுக்குத் தெரியும்.

மூன்றாம் மாதம் பணம் ஏறியது. அந்த வாரமே லாட்ஜ் மேனேஜரிடம் போய், இனிமேல் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

மகாராணி இப்போது வில்பட்டியில் அதே வீட்டில் மகனோடு இருக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் லாட்ஜில் அறை கூட்டுகிறாள், துணி துவைப்பதில்லை. இடது கை ஆறிவிட்டது. வலது கையில் கட்டைவிரல் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் வெடிப்பு இருக்கிறது.